புரட்டாசிப் பட்டத்துக் கிழங்குகள்: குளிர்மழையில் பூப்பவற்றைத் தொட்டியில் வளர்ப்பது எப்படி?

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இத்தனை தொட்டியில் வெறும் மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?" மொத்தம் முப்பத்தெட்டுத் தொட்டிகள். ஒன்றில்கூடப் பச்சை கிடையாது. பெயர்ச்சீட்டுகள் மட்டும் வரிசையாகக் குத்தி நிற்கும். அதே ஆட்கள் மாசியில் வந்தால், முன்பு பார்த்த தொட்டிகள்தாம் இவை என்று நம்ப மறுக்கிறார்கள்.

நான் இருப்பது கலிபோர்னியாவில், சான் ஹோசேக்குப் பக்கத்தில். இங்கே மே முதல் செப்டம்பர் வரை மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யாது. பெய்வதெல்லாம் குளிர்காலத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியும் இதே குணம் உள்ள ஊர். அங்கிருந்து வந்த லாச்செனாலியா, பாபியானா, ஸ்பராக்ஸிஸ், மொரேயா போன்ற கிழங்குப் பூச்செடிகளைத்தான் பத்து வருடங்களுக்கு மேலாகத் தொட்டியில் வளர்த்துவருகிறேன். இவை வளர்ப்பதற்கு உண்மையில் எளிய செடிகள். நம்மவர்கள் கையில் செத்துப்போவதற்கு ஒரே காரணம், நாம் அன்பு மிகுந்து ஊற்றும் தண்ணீர்.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து முதன்முறை வந்திருந்தது ஒரு ஜூன் மாதம். காலையில் குளித்துவிட்டு வந்ததும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார். கையோடு பக்கத்தில் இருந்த பதினோரு தொட்டிகளுக்கும் ஆளுக்கு ஒரு சொம்பு. நான் வேலைக்குப் போன பிறகு நடந்த தர்மம் இது. செப்டம்பரில் தொட்டிகளைக் கவிழ்த்தபோது கிழங்குகள் இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழும், ஒரு புளித்த வாடையும்தான் இருந்தன. "தண்ணீர் ஊற்றியா ஒரு செடி சாகும்?" என்று அம்மா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கோடையில் ஏன் தூங்குகின்றன?

கேப் டவுனிலிருந்து வடக்கே நமாக்வாலாந்து வரை நீளும் தென்மேற்கு மூலையில் மழைக்காலம் ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை. தென்கோளத்துக்கு அதுதான் குளிர்காலம். கோடை அங்கே சுட்டெரிக்கும். மாதக்கணக்கில் ஒரு தூறல்கூட விழாது. ஆகவே செடி தன் வேலைகளை எல்லாம் குளிர்காலத்துக்குள் முடித்துக்கொள்கிறது. முதல் மழைக்கு முளைத்து, குளிரில் இலை விட்டு, வசந்தத்தில் பூத்து, விதையை உதறிவிட்டு, கோடை தொடங்குவதற்குள் மண்ணுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. இப்படிக் குளிர்காலத்தில் மழை பெய்யும் நிலங்கள் உலகில் ஐந்தே: மத்தியதரைக் கடலோரம், கலிபோர்னியா, நடுச் சிலி, கேப், ஆஸ்திரேலியாவின் தெற்கு, தென்மேற்குப் பகுதிகள். ஐந்திலும் கிழங்குச் செடிகள் உண்டு. கேப் மட்டும் தனிக் கதை. அங்குள்ள சுமார் 9,000 வகைத் தாவரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் கிடையாது; கிழங்கு உள்ளவை மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். பொக்கவெல்ட் மேட்டுநிலத்தில் நியூவூட்வில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. உலகக் கிழங்குப் பூக்களின் தலைநகரம் என்றே அதற்குப் பெயர்.

மண்ணுக்கடியில் தூங்கி எழும் செடி நமக்குப் புதிதல்ல. கார்த்திகைப் பூ என்று ஈழத்தில் சொல்லும் செங்காந்தள் இப்படித்தான், மழை முடிந்ததும் கொடி காய்ந்து காணாமல்போய் அடுத்த மழைக்கு முளைக்கிறது. மழை லில்லியும் அப்படியே. ஆனால் அவை எழுவது வெதுவெதுப்பான மழைக்கு. கேப் கிழங்குகளுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, இரவில் குளிரும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் "பருவம் வந்துவிட்டது" என்று அவற்றுக்குப் புரியும். ஆடியில் ஊற்றினால் ஈரம் இருக்கும், குளிர் இருக்காது. வேர் இல்லாத கிழங்கு சூடான ஈரத்தில் கிடந்து அழுகும். அம்மாவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

உங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

கலிபோர்னியாக் கடலோரம், பெர்த், அடிலெய்ட், மெல்போர்ன் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. தொட்டியை வெளியில் வைத்தால் போதும். பெர்த்காரர்கள் மட்டும் வாங்குவதற்கு முன் உள்ளூர்க் களைப்பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஃப்ரீசியாவும் சில மொரேயாக்களும் அங்கே காட்டுக்குள் புகுந்து களையாகிவிட்டன.

லண்டன், டொரண்டோ போன்ற ஊர்களில் வெளியில் வைக்க முடியாது. உறைபனி லேசாக ஓரிரவு பட்டால் பெரும்பாலானவை தாங்கும்; நாள்கணக்கில் மண் உறைந்தால் தாங்காது. அங்கே வேண்டியது உறையாத, ஆனால் குளிர்ந்த, வெளிச்சமான இடம். கண்ணாடிப் பந்தல், சூடேற்றாத வராந்தா, விளக்கு வெளிச்சம் கொடுத்த நிலவறை ஆகியவை சரிவரும். ஹீட்டர் ஓடும் வரவேற்பறை சரிவராது. இலைகள் நூல்நூலாக நீண்டு சரிந்துவிடும், பூ வராது.

சென்னையில் வடகிழக்குப் பருவமழை சரியாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறதே என்று ஆசைப்படலாம். மழை பொருந்துகிறது, குளிர் பொருந்தவில்லை. மார்கழி இரவுகூடச் சென்னையில் இருபது பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. சமவெளியில் இருப்பவர்கள் இதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல நிலச்சம்பங்கிக் கிழங்கு வாங்குங்கள் என்பேன். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்; ஆனால் அங்கே கோடையிலும் மழை பெய்யும் என்பதால் வைகாசி முதல் ஆவணி வரை தொட்டிகளைக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். அந்த மலைகளின் ஓடையோரங்களில் தானாக வளர்ந்து நிற்கும் வெள்ளை அரம் லில்லியும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான்.

எதை வாங்குவது?

வாங்குவதற்கு முன் ஒரு விளக்கம். எளிமைக்காக எல்லாவற்றையும் கிழங்கு என்கிறேன். உண்மையில் இவற்றில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெங்காயச் சாதி: வெட்டினால் அடுக்கடுக்காக இருக்கும். லாச்செனாலியா, நெரைன், ஹீமாந்தஸ், மாசோனியா இதில் சேரும். மற்றது சேப்பங்கிழங்குச் சாதி: வெட்டினால் உள்ளே கெட்டியாக ஒரே சதை. ஃப்ரீசியா, ஸ்பராக்ஸிஸ், பாபியானா, இக்ஸியா, மொரேயா எல்லாம் இவ்வகை. வெங்காயச் சாதி வருடா வருடம் அதே கிழங்காகப் பெருக்கும். சேப்பங்கிழங்குச் சாதி ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கைத் தின்று தீர்த்துவிட்டு அதன் தலைமேல் புதியதொன்றைச் செய்துகொள்ளும். ஜூனில் பாபியானாவைத் தோண்டிப் பாருங்கள்: தேங்காய் நார் போன்ற பழுப்பு உறையை உரித்தால் உள்ளே வெண்மையாகப் புதுக்கிழங்கு, அதன் அடியில் காய்ந்த வட்டுபோலப் பழையது, பக்கவாட்டில் மிளகளவு குட்டிகள் இரண்டு மூன்று. காய்ந்த வட்டைக் கண்டு கிழங்கு செத்துவிட்டதாக நினைத்து நான் ஒருமுறை எல்லாவற்றையும் குப்பையில் போடப் போனேன்.

முதல் வருடத்துக்கு நான்கு போதும்: ஃப்ரீசியா, ஸ்பராக்ஸிஸ், பாபியானா ஸ்ட்ரிக்டா, லாச்செனாலியா அலாய்டீஸ். ஃப்ரீசியா வாசனைக்காக. ஸ்பராக்ஸிஸ், கல்லைப்போட்டு மூடினாலும் முளைக்கும் என்பதற்காக. பாபியானா அந்த நீலத்துக்காக. பபூன் குரங்குகள் இதன் கிழங்கைத் தோண்டித் தின்பதால் கேப்பில் குடியேறிய டச்சுக்காரர்கள் வைத்த பெயர் அப்படியே செடியின் பெயராகிவிட்டது.

லாச்செனாலியாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. மஞ்சளும் சிவப்பும் கலந்த குழல்பூக்கள் தண்டைச் சுற்றித் தொங்கும். இலையில் மரவட்டை நிறத்தில் புள்ளிகள். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இதற்கு 'குட்டி வயலின்' என்று பெயர். இரண்டு பூந்தண்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வருடம் பூவே மிஞ்சவில்லை.

உங்கள் கோளத்திலேயே வளர்ந்த கிழங்காக வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து நேரே வரும் கிழங்கு அங்கே கோடையில் தோண்டியதாக இருக்கும். இங்கே வந்து சேரும்போது நடுக்குளிர்காலம். அதன் நாள்காட்டியைத் திருப்பிவிடுவதற்குள் பாதி போய்விடும். சுங்கச் சான்றிதழ் வேலை வேறு. பசிபிக் பல்ப் சொசைட்டி போன்ற ஆர்வலர் அமைப்புகள் உறுப்பினர்களுக்குள் கிழங்கும் விதையும் பரிமாறிக்கொள்கின்றன. அரிய வகைகளுக்கு அதுதான் நல்ல வழி. எங்கே விளைந்தது என்று சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். காட்டில் தோண்டித் திருடி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: தொட்டியும் மண்ணும் (ஆவணிக் கடைசி)

தொட்டி அகலத்தைவிட ஆழம் முக்கியம். இருபது சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். பாபியானாவுக்குச் சுருங்கும் வேர்கள் உண்டு. கிழங்கைத் தானே கீழே கீழே இழுத்துக்கொண்டு போகும். ஆழமில்லாத தொட்டியில் அது அடித்தட்டில் முட்டிக்கொண்டு, வடிகால் துளை வழியாக எட்டிப்பார்க்கும். மண்தொட்டியா பிளாஸ்டிக்கா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் பிளாஸ்டிக் கட்சி. மண்தொட்டி அழகு, ஆனால் முளை வரும் நேரத்தில் ஒரு வெயில் நாளில் காய்ந்துவிடுகிறது.

கலவை: கழுவிய கரட்டு மணல் இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது எரிமலை நுரைக்கல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலையுரம் ஒரு பங்கு. விளையாட்டு மணலும் கடற்கரை மணலும் வேண்டாம். முன்னது சிமெண்டுபோல இறுகும், பின்னதில் உப்பு. கையில் ஒரு பிடி ஈரக்கலவையை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் திறந்ததும் கொழுக்கட்டைபோல நின்றால் மணல் போதவில்லை. உதிர்ந்துவிட்டால் சரி.

சாணம், கடலைப்பிண்ணாக்கு, சமையலறைக் கழிவு எதுவும் சேர்க்காதீர்கள். நம் கை துறுதுறுக்கும், தெரியும். இவை சத்தில்லாத மணலில் வளர்ந்து பழகியவை. தழைச்சத்து ஏறினால் இலை மதர்த்து, பூ குறைந்து, கிழங்கு அழுகும்.

இரண்டாம் படி: நடவு (புரட்டாசி)

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இவற்றுக்குப் புரட்டாசிப் பட்டம். தென்கோளத்தில் இருப்பவர்களுக்குப் பங்குனிப் பட்டம். நாள் பார்ப்பதைவிட இரவுக்குளிரைப் பாருங்கள். இரவு வெப்பநிலை தொடர்ந்து பதினைந்து பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் நடலாம். அதற்கு முன்னால் அவசரப்பட்டு நனைக்காதீர்கள். சில கிழங்குகள் உறைக்குள்ளேயே முளைகாட்டியிருக்கும். அவற்றை மட்டும் உடனே நடலாம், காக்க வைத்துப் பயனில்லை.

ஆழத்துக்குச் சேப்பங்கிழங்குச் சாதிக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாபியானாவுக்கு இன்னும் சற்று ஆழம். லாச்செனாலியாவுக்கு இரண்டு சென்டிமீட்டர் மண் மேலே இருந்தால் போதும். நெரைன், ஹீமாந்தஸ் இரண்டுக்கும் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் கோபித்துக்கொள்ளும். கிழங்கைச் சுற்றி ஒரு கைப்பிடி வெறும் மணலைப் போட்டு அதன்மேல் கலவையை மூடினால் அழுகல் பயம் பாதியாகக் குறைகிறது. பதினைந்து சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் ஃப்ரீசியா எட்டுப் பத்து நெருக்கமாக வைக்கலாம். இவற்றுக்கு நெரிசல் பிடிக்கும், பஸ்ஸில் போகிறவர்கள்போலத் தோளோடு தோள் நின்றால்தான் தண்டுகள் ஒன்றையொன்று தாங்கும்.

எந்தப் பக்கம் மேல் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுங்கள். முளைக்கு வழி தெரியும்.

பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். நிரந்தர மை என்று விற்கிற பேனாவெல்லாம் இரண்டு கோடையில் வெளுத்துவிடும். பென்சில் அழியாது. எனக்கு இன்னும் பெயர் தெரியாத தொட்டிகள் ஆறு இருப்பதற்கு அந்தப் பேனாதான் காரணம்.

மூன்றாம் படி: தண்ணீர்

நட்ட அன்று அடித்துளை வழியே வழிகிற அளவுக்கு ஒருமுறை நன்றாக நனையுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். முளை தெரிய மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். அதுவரை மேல்மண் காய்ந்து, விரலை இரண்டு கணு உள்ளே விட்டாலும் ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டும் கொஞ்சம் கொடுங்கள். புதியவர்களின் கிழங்குகள் அதிகம் சாவது இந்த இடைவெளியில்தான். ஒன்றும் வரவில்லையே என்ற பதற்றத்தில் தினம் ஊற்றுவார்கள். நான்காவது நாள் தோண்டிப் பார்ப்பார்கள்.

குருத்து இரண்டு விரல் உயரம் வந்தபின் கணக்கு மாறுகிறது. இப்போது வேர் இருக்கிறது, குடிக்கும். மழை இல்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை வழிய வழிய ஊற்றுங்கள். தை, மாசியில் மொட்டு தெரியும் நேரத்தில் காயவிட்டால் மொட்டு கருகிவிடும். கோடையில் கஞ்சனாக இருக்கச் சொன்ன நானே இங்கே தாராளமாக இருக்கச் சொல்கிறேன். இலை பச்சையாக இருக்கும்வரை தாகம் உண்டு.

தொடர்ந்து பத்து நாள் அடைமழை பிடித்தால் தொட்டியைச் சுவரோரம் நகர்த்துங்கள். தொட்டிக்கடியில் தட்டு வைக்கவே வேண்டாம்.

நான்காம் படி: வெயிலும் உரமும்

வெயிலைப் பொறுத்தவரை பேரம் கிடையாது. குளிர்கால வெயில் சாய்வானது, வலுவில்லாதது. அது முழுவதும் வேண்டும். வடகோளத்தில் தெற்குப் பார்த்த பால்கனி, தென்கோளத்தில் வடக்குப் பார்த்தது. நிழல்தான் இருக்கிறது என்றால் வெல்தைமியா வாங்குங்கள். கிழக்குக் கேப் கடலோரப் புதர்க்காட்டின் நிழலில் வளர்வது. அகலமான பளபளப்பான இலை, மங்கிய ரோஜா நிறத்தில் பூக்கதிர். பிழைக்கத் தெரிந்த செடி.

உரத்தைத் தக்காளிக்கு விற்கும் திரவ உரமாக வாங்குங்கள். அதில் சாம்பல்சத்து அதிகம். பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, இலை வந்ததிலிருந்து மொட்டு வரும்வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இதற்கு மேல் உரத்தில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: பூவுக்குப் பின், தூக்கம்

பூ உதிர்ந்ததும் செடி அசிங்கமாகிவிடும். இலை நுனி பழுத்து, சரிந்து, தொட்டியின் விளிம்பில் தொங்கும். அழகுபார்த்து வெட்டிவிடாதீர்கள். அடுத்த வருடத்துப் பூ அந்த இலையில்தான் சமைந்துகொண்டிருக்கிறது. சித்திரையில் இலை பாதி மஞ்சளானதும் தண்ணீரைக் குறையுங்கள். முழுதும் பழுத்ததும் நிறுத்துங்கள். காய்ந்த இலை தொட்டாலே கையோடு வரும். அப்போது எடுத்தால் போதும்.

பிறகு தொட்டியை மழையும் தோட்டக் குழாயும் எட்டாத இடத்தில் வையுங்கள். அம்மா வந்துபோனதிலிருந்து நான் எல்லாத் தொட்டிகளையும் படுக்க வைத்துவிடுகிறேன். படுத்திருக்கும் தொட்டிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

தோண்டி எடுத்து வைக்கலாமா? வைக்கலாம். காகித உறையில் போட்டு, காற்றோட்டமான அலமாரியில். பிளாஸ்டிக் பை வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி வேண்டவே வேண்டாம். கலிபோர்னியாவில் டூலிப் கிழங்கை அதில் வைப்பார்கள், அதைப் பார்த்து இவற்றையும் வைக்கிறார்கள். டூலிப் குளிர்காலத்தைக் கடந்து எழும் செடி. இவை கோடையைக் கடந்து எழுபவை. கோடை வெக்கை பட்டால்தான் ஃப்ரீசியாவின் தூக்கம் கலையும். சமையலறையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். நெரைன், ஹீமாந்தஸ், மொரேயா எல்லாம் விஷம். சாம்பாருக்கு வெங்காயம் எடுப்பவர் பெயர்ச்சீட்டைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். நாய், குழந்தை விஷயத்திலும் இதே எச்சரிக்கை.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆவணியில் கவிழ்த்து, குட்டிகளைப் பிரித்து, புதுக்கலவையில் நடுங்கள். நெரைனை மட்டும் தொடாதீர்கள். தொட்டி வெடிக்கும் அளவுக்கு நெருங்கினால்தான் அது ஒழுங்காகப் பூக்கும்.

தொல்லைகள்

மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. கோடையில், நாம் பார்க்காத நேரத்தில், கிழங்கின் உறைக்குள் புகுந்துகொள்ளும். கவிழ்க்கும்போது உறையை லேசாகத் தள்ளிப் பாருங்கள். பஞ்சுபோல வெள்ளை தெரிந்தால் உறையை உரித்து, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். அணிலும் எலியும் ஃப்ரீசியாக் கிழங்கைப் பாதாம்போலத் தின்னும். தொட்டி வாயில் கம்பிவலை வெட்டிப் போடுவதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. நத்தைகளை மழை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கலாம்.

அசுவினி தன்னளவில் சின்னத் தொல்லை, ஆனால் வைரஸைச் சுமந்து வரும். லாச்செனாலியா இலையில் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு கோடாகத் தெரிந்தால், பூ நிறம் திட்டுத்திட்டாக உடைந்தால், வைரஸ் என்றே கொள்ளுங்கள். மருந்து கிடையாது. தொட்டியோடு குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. மனம் வராது. எனக்கும் வரவில்லை. அந்த ஒரு தொட்டிக்காக இரக்கப்பட்டு அடுத்த வருடம் நான்கு தொட்டிகளைத் தூக்கிப் போட்டேன்.

ஆக்ஸாலிஸ் பற்றித் தனியாக ஒரு சொல். நம் புளியாரையின் சொந்தக்காரர்கள் இவர்கள். கேப்பில் இருநூறு வகை இருக்கும். ஆக்ஸாலிஸ் வெர்சிகலர் மொட்டில் மிட்டாய்போலச் சிவப்பு வெள்ளைக் கோடு சுழன்று நிற்கும். வெயில் பட்டதும் விரிந்து வெறும் வெள்ளையாகிவிடும். தொட்டியோடு இருக்கிறவரை அருமையான செடி. ஆனால் ஆக்ஸாலிஸ் பெஸ்-காப்ரே என்ற மஞ்சள் பூக்காரரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாசி மாதத்தில் இங்கே சாலையோரமெல்லாம் மஞ்சளாக விரிந்து கிடப்பது அதுதான். என் தோட்டத்தில் நான் நடவே இல்லை, இருந்தும் வருடத்தில் இரண்டு நாள் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். பழைய தொட்டி மண்ணைத் திறந்தவெளியில் கொட்டக் கூடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாம் வருடம்

முதல் நான்கும் பூத்துவிட்டால் ஆசை பெருகும். பெருகட்டும். லாச்செனாலியா விரிடிஃப்ளோராவைத் தேடுங்கள். மார்கழியில், வேறெதுவும் பூக்காத நேரத்தில், மயில்கழுத்து நிறத்தில் பூக்கும். கேப் மேற்குக் கடற்கரையின் கருங்கல் பாறைகளுக்கிடையே மிகச் சிறிய இடத்தில் மட்டும் எஞ்சியிருக்கும் வகை. தொட்டியிலோ எளிதாக வளர்கிறது. மொரேயா அரிஸ்டாட்டாவும் அப்படித்தான். வெள்ளை இதழின் அடியில் மயிற்பீலிக் கண்போல நீலப் புள்ளி. இயற்கையில் அது மிஞ்சியிருப்பது உலகத்தில் ஒரே இடத்தில், கேப் டவுன் நகருக்குள் இருக்கும் வானாய்வு நிலையத்தின் வளாகத்தில். எத்தனையோ நாடுகளின் பால்கனிகளில் பூக்கும் செடி, சொந்த ஊரில் ஒரு மதில்சுவருக்குள் அடைந்துகிடக்கிறது.

மாசோனியா விநோதத்துக்காக. இரண்டே இலைகள், தட்டுபோலத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். நடுவில் முகச்சவரத் தூரிகைபோலப் பூ. ஒரு வகையின் இலை முழுவதும் பாகற்காய்த் தோல்போலக் கொப்புளம். மாசோனியா டிப்ரெஸா பூவில் ஈஸ்ட் வாடை அடிக்கும். இரவில் எலிகள் வந்து தேன் நக்கி மகரந்தம் சுமக்கும். 1772இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் கேப்புக்கு அனுப்பிய செடி சேகரிப்பாளர் பிரான்சிஸ் மாசன் பெயரைத்தான் இது தாங்கியிருக்கிறது. கிளாடியோலஸ் டிரிஸ்டிஸ் பகலில் ஒன்றுமில்லாத வெளிர்மஞ்சள் பூ. பொழுது சாய்ந்தபின் கதவைத் திறந்து வெளியே போனால் கிராம்பு வாசனை ஆளை நிறுத்தும். பாபியானா ரிங்கென்ஸ் தேன்சிட்டு உட்காருவதற்கென்றே பூவில்லாத ஒரு காம்பை நீட்டிவைத்திருக்கும். பறவை அதில் தலைகீழாகத் தொங்கித் தரையோடு கிடக்கும் சிவப்புப் பூவில் குடிக்கும். கலிபோர்னியாவில் அந்தத் தேன்சிட்டு இல்லாததால் காம்பு சும்மா நிற்கிறது.

இக்ஸியா விரிடிஃப்ளோரா வேண்டாம், இப்போதைக்கு. பச்சையும் நீலமும் கலந்த அந்த நிறத்தைப் படத்தில் பார்த்தால் தூக்கம் போய்விடும். நான் மூன்று முறை இழந்திருக்கிறேன்.

விதையிலிருந்தும் தொடங்கலாம். வைரஸ் பயம் குறைவு, கோளம் மாறும் பிரச்சினையும் இல்லை. சிறு விதைகளைப் புரட்டாசியில், அதே கலவையில், ஒரு நெல்லின் ஆழத்துக்குத் தூவி, ஈரம் காயாமல் வையுங்கள். முதல் வருட நாற்றுகளைச் சீக்கிரம் காயவிடாதீர்கள். எவ்வளவு நாள் பச்சையாக இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கிழங்கு தேறும். லாச்செனாலியா மூன்றாம் வருடம் பூக்கும். நெரைன், ஹீமாந்தஸ், புருன்ஸ்விஜியா விதைகள் வேறு வகை: சதைப்பற்றோடு பச்சைப் பட்டாணிபோல இருக்கும், தண்ணீருக்குக் காத்திராமல் உறைக்குள்ளேயே வேர்விடும். அவற்றைப் புதைக்காமல், கையில் வந்த அன்றே மணல்மேல் பாதி அழுத்தி வையுங்கள்.

சீட்டில் வருடத்தையும் எழுதிவையுங்கள். என் புருன்ஸ்விஜியாத் தொட்டியில் 2017 என்று இருக்கிறது. போன குளிர்காலத்தில் நான்கு இலை வந்தது. பூவுக்கு இன்னும் ஐந்தாறு வருடமாவது ஆகும். அம்மா தொலைபேசியில் கேட்பது அந்த ஒரு தொட்டியைப் பற்றித்தான்.